எண்ணூருக்கு மீண்டும் நிலக்கரியா?

எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்தைக் கட்டி முடித்தே தீருவோம் என்கிறார்கள் தமிழக மின்வாரியத்தார். 1970இல் தொடங்கிய 450 மெகாவாட் நிலையத்துக்கு வயதாகிவிட்டது என்று 2017இல் மூடியவர்களுக்கு, அதே இடத்தில் 660 மெகாவாட்டுக்கு நிலக்கரி எரிக்க என்ன அவசரம்? 2024 டிசம்பர் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மீனவர்களும் குடியிருப்பாளர்களும் எதிர்த்தார்கள். கூட்டம் நடந்தது, கருத்து ஏறவில்லை.

எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் இவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்கட்டும். தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களின் காலடியில் கிடப்பது சாம்பல் சேறு. அருகிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்து, ஆழமாக இருந்த இடங்களை மேடாக்கிவிட்டன. இறாலும் நண்டும் அருகிவிட்டன. சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்தில் காற்றடித்தால் வீட்டுக்குள்ளும் சாம்பல். பறிபோன பிழைப்பும் மருத்துவச் செலவும் யூனிட் விலையில் சேர்வதில்லை. அதனால்தான் நிலக்கரி மலிவு என்று இன்னமும் கூசாமல் பேச முடிகிறது.

அந்த நிலக்கரியாவது நம்முடையதா? ஒடிசாவின் தால்செரில் வெட்டி, பாராதீப்பில் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டும். காற்றும் வெயிலும் இங்கேயே இருக்கின்றன. 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை வைத்துள்ள மாநிலத்தில், சீசன் நேரத்திலேயே காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன மேதைகள் இவர்கள். சூரிய மின்சாரத்தையும் விட்டுவைக்கவில்லை. காரணமின்றி நிறுத்திவைத்ததற்கு இழப்பீடு கொடுங்கள் என்று 2021இல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் குட்டு வைத்தது. இதே எண்ணூர் விரிவாக்கத்துக்கு 2014இல் ஒப்பந்தம் கொடுத்தார்கள். எடுத்த நிறுவனம் திவாலானது; வேலை பாதியில் நின்றது. எதிலிருந்தும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை.

பழைய நிலையத்தை மூடியபோதே, அதை நம்பியிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாற்று வேலை என்ன என்று யோசித்திருக்க வேண்டும். மின்பாதையும் துணைமின் நிலையமும் இருக்கிற ஊர் அது. பேட்டரியில் மின்சாரம் சேமிக்கும் நிலையம் அமைக்கலாம். கழியைத் தூர்வாரி மீட்கும் பணியே பலருக்குச் சோறு போடும். எதைச் செய்தாலும் உள்ளூர்க்காரர்களைக் கலந்து செய்ய வேண்டும். நிலக்கரியைக் கைவிடுவதால் வரும் லாபத்தில் முதல் பங்கு, அதன் சாம்பலைச் சுமந்தவர்களுக்கே சேர வேண்டும்.

செலவழித்த பணம் வீணாகுமே என்பது சாக்கு. தவறான இடத்தில் மேலும் பணத்தைக் கொட்டுவது அதைவிடப் பெரிய வீண். இந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள்.