சிமிழில் ஏழு ருசி

வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து நாக்கு இருக்கிறது. குழம்பில் உறைப்புத் தூக்கல் என்பார் தாத்தா. உறைப்பே இல்லையே என்பான் கல்லூரிக்குப் போகும் பிள்ளை. நாலு வயதுக் குழந்தையோ ஒரு வாய் வைத்ததும் தண்ணீர் டம்ளரைத் தேடும். சமைக்கிறவர் யார் பக்கம் சேருவது? பிள்ளைக்காகச் சமைத்தால் குழந்தை பட்டினி. குழந்தைக்காகச் சமைத்தால் பிள்ளை ஊறுகாய் ஜாடியைக் காலி செய்துவிடுவான். தனித் தனியாக இரண்டு பாத்திரம் வைக்கலாம்தான். அப்படி வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

ஜப்பானியர் வீடுகளில் இந்த வழக்குக்குச் சுலபமான தீர்ப்பு ஒன்று உண்டு. பாத்திரத்தில் உறைப்பே போடுவதில்லை. எல்லோருக்கும் பொதுவாகச் சாதுவாய்ச் சமைத்து இறக்கிவிடுகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் ஒரு சிறு சிமிழ் இருக்கிறது. அதில் ஒரு பொடி. வேண்டியவர் வேண்டிய மட்டும் தம் கிண்ணத்தில் தூவிக்கொள்ள வேண்டியது. வேண்டாதவர் சிமிழைத் தொட வேண்டியதில்லை. அந்தப் பொடிக்கு 'ஷிச்சிமி தோகராஷி' என்று பெயர். அதை நம் வீட்டிலேயே செய்யலாமா என்பதுதான் இந்த வாரத்துச் சமாசாரம். செய்யலாம். ஆனால் அது என்ன பொடி என்று தெரிந்துகொண்டு செய்தால் பாதித் தவறுகள் நேராமலே போய்விடும்.

'ஷிச்சிமி' என்றால் ஏழு ருசி. 'தோகராஷி' என்றால் மிளகாய். அந்த வார்த்தையைப் பிரித்தால் சீனத்துக் கடுகு என்று பொருள் வருகிறது! மிளகாய்க்குப் பிறந்த வீடு சீனாவும் அல்ல, கடுகு அதற்கு உறவும் அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பல்களோடு கிழக்கே வந்தது. புதிதாக வந்த காய்க்குத் தெரிந்த காரத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். நாம் மட்டும் என்ன செய்தோம்? மிளகைப் போல உறைக்கிற காய், ஆகவே மிளகாய். அவர்கள் கடுகைச் சொன்னார்கள்; நாம் மிளகைச் சொன்னோம். வித்தியாசம் அதற்கப்புறம்தான். நாம் அதைக் குழம்புக்குள் கொண்டுபோய்விட்டோம். அவர்கள் குழம்புக்கு வெளியே ஒரு சிமிழில் வைத்துவிட்டார்கள்.

சிமிழில் வைத்தது யார் என்பதற்கும் ஒரு கதை உண்டு. இன்று டோக்கியோ என்று சொல்லும் நகரத்துக்கு அன்று எடோ என்று பெயர். அங்கே யாகென்போரி என்ற பேட்டையில் வைத்தியர்களும் மருந்துச் சரக்குக் கடைகளும் நெருக்கமாக இருந்தன. யாகென் என்பது மருந்து அரைக்கும் கருவி. நம் சித்த வைத்தியர்களின் கல்வத்தைப் போல் படகு வடிவம். குழவிக்குப் பதிலாக ஒரு சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டுவார்கள். அந்த வடிவத்தில் வெட்டிய அகழி இருந்த இடமாதலால் அந்தப் பெயர். 1625-ல் தோகுஎமோன் என்பவர் அங்கே கடை போட்டார். மிளகாயோடு வைத்தியர்கள் கையாளும் சரக்குகளைச் சேர்த்தால் நாக்குக்கும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு என்பது அவர் எண்ணம். பெரிய சிவப்பு மிளகாய் உருவம் ஒன்றைச் சுமந்துகொண்டு தெருத் தெருவாய்ப் பொடி விற்கிறவர்களும் பிறகு கிளம்பினார்கள். அந்தப் பரம்பரைக் கடை இப்போது அசாகுசாவில் இருக்கிறது. உங்கள் கண்ணெதிரே ஒவ்வொரு சரக்காக அள்ளிப் போட்டு, காரம் அதிகமா, நடுத்தரமா, குறைச்சலா என்று கேட்டுக் கலந்து கொடுப்பார்கள்.

இன்னும் இரண்டு பழைய கடைகள் பெயர் பெற்றவை. இரண்டும் கோயிலை ஒட்டியவை. க்யோட்டோவில் கியோமிசு கோயிலுக்கு ஏறும் சரிவில் ஒன்று. குளிரில் வரும் யாத்திரிகர்களுக்கும், அருவியில் நின்று விரதம் இருப்பவர்களுக்கும் மிளகாய்ப் பொடி கலந்த வெந்நீர் கொடுத்து உபசரித்த டீக்கடையாகத்தான் அது ஆரம்பமாயிற்று. மற்றது நகானோ நகரில் ஜென்கோஜி கோயில் வாசலில், 1736 முதல். பழனிக்குப் போனவர்கள் பஞ்சாமிர்தம் வாங்காமல் திரும்புவார்களா? அதுபோல ஜென்கோஜிக்குப் போனவர்கள் பொடி டப்பா வாங்காமல் திரும்புவதில்லை.

இப்போது ஒரு வேடிக்கை. மூன்று கடையிலும் ஏழு சரக்குதான்; ஆனால் ஏழும் ஒரே ஏழு அல்ல. டோக்கியோக் கடையில் மிளகாயே இரண்டு தினுசு: வறுக்காதது ஒன்று, வறுத்தது ஒன்று. கூடவே கறுப்பு எள், கசகசா, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், சணல் விதை, சான்ஷோ. க்யோட்டோக்காரர்கள் ஆரஞ்சுத் தோலும் கசகசாவும் போடுவதில்லை. கறுப்பு எள்ளோடு வெள்ளை எள், ஷிசோ என்ற வாசனை இலை, பச்சைக் கடற்பாசி என்று வாசனைப் பக்கம் சாய்கிறார்கள். நகானோ மலைப் பிரதேசம். பனி கொட்டும் ஊர். அங்கே இஞ்சி சேர்ந்துகொள்கிறது. ஆகவே, 'உண்மையான ஷிச்சிமி எது?' என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால், 'எந்த ஊர் உண்மை?' என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆனாலும் சரக்குகளுக்கு வேலைப் பங்கீடு உண்டு. மிளகாய் உறைக்க, எள்ளும் கசகசாவும் பல்லில் நொறுங்க, ஆரஞ்சுத் தோல் மணக்க, சான்ஷோ நாக்கு நுனியைச் சிலிர்க்க வைக்க. இந்த நாலு வேலையும் நடந்தால் ஷிச்சிமி. நடக்காவிட்டால் வெறும் மிளகாய்ப் பொடி. வெறும் மிளகாய்ப் பொடிக்கும் அங்கே 'இச்சிமி', அதாவது ஒற்றை ருசி, என்று தனிப் பெயர் இருக்கிறது.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நம் கடைகளில் கிடைப்பதில் சிரமமில்லாதது மிளகாய். ஜப்பானில் 'பருந்து நகம்' என்று பொருள்படும் பெயருள்ள சின்ன மிளகாயைச் சேர்ப்பார்கள், நல்ல உறைப்பு. நமக்குச் சம்பா மிளகாயில் பாதி, பியாட்கி மிளகாயில் பாதி எடுத்தால் உறைப்பும் நிறமும் சரியாக இருக்கும். காம்பையும் விதையையும் நீக்குங்கள். பாதியை வெறும் வாணலியில், சிறு தணலில், நிறம் சற்றே ஆழ்ந்து மொறுமொறுப்பாகும் வரை வறுங்கள். கறுத்தால் கசப்புத்தான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுக்காரர் தும்மினால் அது உங்கள் பொறுப்பு.

ஆரஞ்சுத் தோலுக்குக் கமலா ஆரஞ்சு உத்தமம். பழத்தை நன்றாகக் கழுவித் துடைத்து உரித்து, தோலின் உட்புற வெள்ளையைக் கத்தியால் வழித்துவிடுங்கள். கசப்பு அங்கேதான் இருக்கிறது. நிழலில் நாலைந்து நாள் உலர்த்தினால் ஒடித்தால் 'படக்'கென்று ஒடியும். குளியல் பொடிக்கு என்று மொட்டை மாடியில் காய வைத்து மறந்துபோன தோல் வேண்டாம். அது தூசியும் வெயிலும் தின்றுவிட்டது.

சான்ஷோதான் சங்கடம். இதை ஜப்பான் மிளகு என்று சொல்கிறார்கள். மிளகுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த முள் மரம் இது. நம் கறிவேப்பிலையும் அதே குடும்பம் என்றால் ஆச்சரியப்படுவீர்கள்! காயின் தோலை மட்டும் பொடி செய்து, கறுப்பு விதையை எறிந்துவிடுவார்கள். நாக்கில் பட்டதும் எலுமிச்சை வாசனை. அடுத்த நிமிஷம் லேசான மரமரப்பு. வாகயாமா பிரதேசத்தில் மிகுதியாக விளைகிறது. நம் ஊரில் கிடைக்காவிட்டால், இதன் ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி கொங்கணக் கரையில் இருக்கிறாள். கோவா, மங்களூர்ப் பக்கம் மீன் குழம்பில் போடும் 'தெப்பல்'. அதன் தோலை விதை நீக்கிச் சேர்க்கலாம்; வாசனை முரட்டுத்தனமானது, ஆகவே பாதி அளவு போதும். அதுவும் இல்லையா? விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் மிளகு போட வேண்டாம் என்பது என் தாழ்மையான, ஆனால் பிடிவாதமான, அபிப்பிராயம். மிளகு வந்தால் மற்ற ஆறு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கடற்பாசி என்றதும் நோன்புக் காலத்தில் பால் காய்ச்சி ஊற்றிக் கட்டியாக்கும் கடற்பாசியை வாங்கிவிடாதீர்கள். அது வேறு. இங்கே வேண்டியது 'நோரி' என்ற கறும்பச்சைத் தாள். பெரிய நகரங்களின் கடைகளில் கிடைக்கிறது. தணலுக்கு மேலே இரண்டு முறை காட்டிக் கையால் நொறுக்கினால் போதும். மரக்கறி மட்டுமே உண்பவர்களுக்கும் ஆட்சேபம் இராது. அது கடல் தாவரம்.

சணல் விதை என்று மேலே சொன்னேனே, அது சாக்குப்பைச் சணல் அல்ல. கஞ்சாச் செடியின் விதை! பதற வேண்டாம். விதையில் போதை கிடையாது. முளைக்காதபடி சூடேற்றியே ஜப்பானில் விற்கிறார்கள். இந்தியாவிலும் 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த விதையை உணவுப் பொருளாக ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் மளிகைக் கடைக்காரரிடம் கேட்டு அவரைத் திகைக்க வைப்பானேன்? கசகசாவே போதும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதானால் மட்டும் கசகசாவும் கூடாது. அங்கே அதற்குத் தடை. வெள்ளை எள்ளைச் சேர்த்துவிடுங்கள்.

அளவு இதோ. கொரகொரப்பாகப் பொடித்த மிளகாய், வறுத்ததும் வறுக்காததும் சேர்ந்து, 4 தேக்கரண்டி. ஆரஞ்சுத் தோல்பொடி 2. கறுப்பு எள் 2. கசகசா 1. சான்ஷோ 1. நொறுக்கிய நோரி 1. சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி. எள்ளையும் கசகசாவையும் தனித் தனியே வறுத்து ஆறவிடுங்கள். எள் வெடிக்க ஆரம்பித்ததுமே இறக்கிவிட வேண்டும். மிளகாயையும் தோலையும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள், மாவாகிவிடக் கூடாது. எள்ளில் பாதியை உரலில் ஒரு தட்டுத் தட்டி, மீதியை முழுசாகவே போடுங்கள். எல்லாவற்றையும் உலர்ந்த கிண்ணத்தில் கரண்டியால் கலந்தால் தீர்ந்தது. எல்லாம் ஒன்றாக மிக்ஸியில் போட்டு அரைத்தால் எள்ளின் எண்ணெய் கசிந்து களிம்பாகிவிடும். ஏழு ருசியும் ஒரு ருசியாகிவிடும்.

உப்பு எங்கே என்று தேடுகிறீர்களா? உப்பே கிடையாது. நம் இட்லி மிளகாய்ப் பொடிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் அதுதான். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு போட்டிருக்கும் பெரியவர்களுக்கு இது ஒரு சௌகரியம். உப்புக் குறைந்த சூப்பும் இரண்டு சிட்டிகை தூவினால் சப்பென்று இராது.

எதில் தூவுவது? ஜப்பானில் ஊதோன், சோபா என்ற சூடான நூடில்ஸ் கிண்ணங்களில் முதலில்; பிறகு மிசோ சூப், சுட்ட கோழி, அரிசிச் சாதத்தின் மேல் இறைச்சி போட்ட கிண்ணம். நூடில்ஸ் கடை மேஜைகளில் சுரைக்குடுக்கை வடிவ மரச் சிமிழ் வைத்திருப்பார்கள். நம் வீட்டில் காய்கறி சூப், முட்டை, வேகவைத்த கிழங்கு, வெள்ளரித் துண்டு, குழந்தைகள் அடம் பிடித்துக் கேட்கும் நூடில்ஸ் எல்லாவற்றிலும் பொருந்தும். சாம்பாரில் வேண்டாம், அங்கே ஏற்கெனவே கூட்டம் அதிகம். முக்கியமாக, இதை எண்ணெயில் தாளிக்காதீர்கள். தோல் கசக்கும், எள் கருகும், சான்ஷோவின் வாசனை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இலையில், கிண்ணத்தில், கடைசியில்தான் இதற்கு வேலை.

வருஷத்துக்குப் போதுமான மிளகாய்ப் பொடியை மிஷினில் அரைத்து டின்னில் நிரப்பி வைக்கும் பழக்கம் நமக்கு. இந்தப் பொடியிடம் அது செல்லாது. ஒரு மாதம் போனால் உறைப்பு மட்டும் இருக்கும், மணம் இராது. மேலே சொன்ன அளவுக்குச் சின்னச் சீசா ஒன்றுதான் நிரம்பும், அதுவே போதும். ஈரக் கரண்டி படாமல், அடுப்புப் பக்கத்தில் வைக்காமல், நல்ல மூடி போட்டு வையுங்கள். சரக்குகளை உடைக்காமல் தனித் தனியே வைத்திருந்தால் அடுத்த மாதம் கால் மணி நேரத்து வேலை.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ருசிக்க வேண்டியதுகூட இல்லை. கலந்த மறுநாள் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். முதலில் ஆரஞ்சு, பிறகு எள், அப்புறம்தான் மிளகாய் வர வேண்டும். மிளகாய் நெடி முந்திக்கொண்டு வந்து தும்மல் போட்டால் இன்னும் அரைத் தேக்கரண்டி தோல்பொடியைச் சேர்த்து மறுபடி மூடி வையுங்கள்.