200 எதற்கு, 8 போதும்

கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்பு போகும் வழியில் மேற்கே திரும்பினால் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. கூமாபட்டி, பிளவக்கல் தொடங்கி ராஜபாளையம் அய்யனார்கோவில் பக்கம் வரைக்கும் அடிவாரம் முழுக்கத் தென்னையும் மாவும்தான். 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு இந்தத் தோப்புகளின் வரப்போரத்தில் தொடங்குகிறது. யானை இறங்கித் தென்னங்குருத்தைப் பிடுங்குவதும், பன்றி நிலக்கடலையைக் கிளறிப் போடுவதும் இங்கே ஆண்டுதோறும் நடப்பவை. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம்; 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டுக்குள் விடலாம்; 1 கிலோமீட்டருக்குள் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. காட்டை ஒட்டிய நிலத்தில் விலங்கைக் கொல்லக் கூடாது என்பது சரியான எல்லைதான். ஆனால் அதிகம் அடிபடுபவரும் அந்த முதல் கிலோமீட்டருக்குள் இருக்கும் சம்சாரிதானே. அவர் கையில் இன்றைக்கு இருப்பது தகர டப்பா, டார்ச் லைட், பக்கத்துச் சிவகாசியிலிருந்து வரும் வெடி. வெறும் சத்தம் என்று தெரிந்துவிட்டால் விலங்கு சில வாரங்களில் வெடிக்கும் பழகிவிடுகிறது. அதன் பிறகு சிலர் அனுமதியில்லா மின்வேலி, அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கும் வெடி) என்று சட்ட விரோதமான வழிகளில் இறங்க, யானையும் சாகிறது, சில நேரம் மனிதரும் சாகிறார்கள்.

இந்த இடைவெளியில் பொருத்திப் பார்க்க வேண்டிய கருவி ஒன்று உண்டு. நகரத்துக் கேளிக்கைப் பூங்காக்களில் சாயம் பூசி விளையாடும் பெயிண்ட்பால் துப்பாக்கி. கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தத் துப்பாக்கி பிறந்ததே காட்டு வேலைக்காகத்தான். அமெரிக்காவில் நெல்சன் என்ற பெயிண்ட் கம்பெனி, வெட்ட வேண்டிய மரங்களுக்குத் தூரத்திலிருந்தே குறி போட இதை விற்றது. பண்ணைக்காரர்கள் மாட்டுக்கு அடையாளமிட வாங்கினார்கள். விளையாட்டாக மாறியது 1981 ஜூன் 27-இல், நியூ ஹாம்ப்ஷயரின் ஹெனிக்கர் என்ற ஊரில். காட்டுக்குள் 12 பேர் கொடி பறிக்கும் போட்டி நடத்தினார்கள். வென்றவர் மரத் தொழிலைச் சேர்ந்தவர். ஒரு உருண்டையைக்கூடச் சுடாமல் எல்லாக் கொடியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்பது அந்த விளையாட்டுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் சங்கதி. காட்டிலிருந்து மைதானத்துக்குப் போன இந்தக் கருவியை மறுபடி காட்டோரத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் விளையாட்டுக் கடையில் கிடைப்பதை அப்படியே வாங்கிவந்து வனக் காவலர் கையில் கொடுத்தால் தோல்விதான் மிஞ்சும். அதில் மாற்ற வேண்டியது உருண்டையை உள்ளே ஊட்டும் அமைப்பு.

அந்த அமைப்பு எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். ஹெனிக்கரில் பயன்பட்ட நெல்ஸ்பாட் 007 துப்பாக்கியில் ஒரு குழாய்க்குப் 10 உருண்டை. ஒன்றைச் சுட்டதும் துப்பாக்கியைச் சாய்த்து அடுத்ததை உருட்டி விட வேண்டும். போட்டி வளர வளர இந்த நிதானம் யாருக்கும் பிடிக்கவில்லை. துப்பாக்கியின் தலையில் ஹாப்பர் என்ற குடுவை ஏறியது. 200 உருண்டைகள் தம் எடையாலேயே ஒவ்வொன்றாக விழும். அவை வாயில் சிக்கிக்கொள்ள, கலக்கிவிட மோட்டார் வந்தது. அதுவும் போதாமல் உருண்டையை வலிந்து தள்ளும் ஹாப்பர்கள் நொடிக்கு 20-க்கு மேல் ஊட்டத் தொடங்கின. டிப்மன் நிறுவனத்தின் சைக்ளோன் அமைப்பு இன்னொரு வழி: சுடும்போது வரும் வாயுவில் கொஞ்சத்தை எடுத்துப் பல்சக்கரத்தைச் சுழற்றி, ஒரு சுடுதலுக்கு ஒரு உருண்டை என்று தள்ளும். அதைப் பழைய 98 கஸ்டம் மாடலில் பொருத்திக்கொள்ளும் உதிரிபாகத் தொகுப்பும் சந்தைக்கு வந்தது. ஆக, நாற்பது ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி இன்னும் வேகம், இன்னும் நிறைய என்ற ஒரே திசையில் போயிருக்கிறது. நமக்கு வேண்டியது எதிர்த்திசை.

ஹாப்பர் இந்த மண்ணுக்கு ஒத்துவராது என்பதற்கு முதல் காரணம் வெயில். பெயிண்ட்பால் உருண்டையின் ஓடு ஜெலட்டின். மருந்துக்கடையில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரையின் ஓடும் அதேதான், தொழில்நுட்பமும் அங்கிருந்து வந்ததுதான். சூட்டில் இளகும், ஈரக்காற்றில் உப்பும், ஒன்றோடொன்று ஒட்டும். 0.68 அங்குலம், அதாவது 17 மில்லிமீட்டர் சொச்சம் இருக்க வேண்டிய உருண்டை இம்மியளவு உப்பினாலும் குழலுக்குள் உடையும். சித்திரை வெயிலில் குடுவைக்குள் 200 உருண்டையைப் போட்டுக்கொண்டு தோப்பைச் சுற்றுபவருக்கு இரவில் ஒரு கட்டி ஜெலட்டின் மிஞ்சினால் ஆச்சரியமில்லை. பாதி மட்டும் இறங்கிய உருண்டையை, குழலுக்குள் தள்ள முன்னே பாயும் போல்ட் வெட்டிவிட்டால், உள்ளே சாயம் வழிந்து அன்றைய வேலை அதோடு முடிந்தது. உருண்டையைச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு உருளைக்கும் இதே கதிதான். 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்த வாயு திரவமாக நிற்காது. அழுத்தம் எகிறும், அதோடு உருண்டையின் வேகமும் எகிறும். விளையாட்டு மைதானங்களில் நொடிக்கு 300 அடி என்பது பொதுவான உச்ச வரம்பு. வரம்பு தாண்டிய உருண்டை விரட்டுவதோடு நிற்காது, காயப்படுத்தும். அதனால் ரெகுலேட்டர் பூட்டிய அழுத்தக் காற்று உருளைதான் இங்கே சரிப்படும்.

வெயிலைவிடப் பெரிய காரணம் கை. 200 உருண்டையும் வேகமான ஊட்டமும் கையில் இருந்தால், இருட்டில் பயந்த மனிதர் விசையை அழுத்திக்கொண்டே இருப்பார். எத்தனை பட்டது, எங்கே பட்டது என்று யாருக்கும் தெரியாது. கீழிருந்து ஸ்பிரிங் தள்ளும் மேகசினில் 7, 8 உருண்டைதான் இருக்கும் என்றால் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் செலவழிப்பார். நடக்கும்போது குடுவை கலகலக்காது என்பதும் ஒரு வசதி. இன்னொரு நன்மையும் உண்டு. வால் சிறகு வைத்த உருண்டைகள் சாதாரண உருண்டையைவிட நேராகவும் தொலைவாகவும் போகும். அவை முனை முன்னால் இருக்கும்படி இறங்கியாக வேண்டும் என்பதால் ஹாப்பரில் போட முடியாது, மேகசினில்தான் அடுக்க முடியும். குறி தப்பாமல் பின்தொடையில் அடிக்க வேண்டிய வேலைக்கு இது சின்ன விஷயமில்லை. மேகசினிலும் குறை உண்டு: ஸ்பிரிங் நாள் முழுக்க அழுத்தினால் உருண்டை சப்பையாகும். ஆகவே பணிக்குக் கிளம்பும்போதுதான் நிரப்ப வேண்டும். தலையில் இருக்கும் வாயை அடைத்துவிட்டு அடியில் துளை போட்டால் மாற்றம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். போல்ட் பின்வாங்கும் நேரத்துக்குள் உருண்டை முழுதாக ஏற வேண்டும். ஏறியது முன்னே உருண்டு ஓடாமலும் அதன் பின்னாலேயே இரண்டாவது நுழையாமலும் ஒரு சிறு ரப்பர் முளை தடுக்க வேண்டும். ஸ்பிரிங் விசை கூடினால் உருண்டை நசுங்கும், குறைந்தால் ஏறாது. மலையடிவாரத்திலேயே, கிருஷ்ணன்கோவிலில், 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. இயந்திரப் பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு, உள்ளூர் வெயிலிலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய இதைவிடப் பொருத்தமான கணக்கு அமையாது.

இது வதை என்று விலங்கு ஆர்வலர்கள் சொல்வார்கள். அந்தக் கவலையை ஒதுக்க முடியாது. 3 கிராம் உருண்டை நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் பட்டால் தடித்த தோலுள்ள விலங்குக்குச் சுரீர் என்று வலிக்கும். மயிலுக்கோ உயிரே போகலாம். எனவே மயில், மான்குட்டி போன்றவற்றின் பக்கம் இது திரும்பவே கூடாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குடியிருப்புக்குள் வரும் பபூன் குரங்குகளை விரட்டப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் பெயிண்ட்பாலைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கும் சர்ச்சை ஓயவில்லை. மனிதர்களுக்கும் ஆபத்து உண்டு: 2004 அக்டோபரில் பாஸ்டன் நகரில் கூட்டத்தைக் கலைக்க போலீஸ் சுட்ட எஃப்என் 303 ஆயுதத்தின் மிளகாய்க் காரக் குண்டு கண்ணில் பாய்ந்து 21 வயது மாணவி இறந்தார். அதுவும் இதே 0.68 அங்குல வகைதான். 15 குண்டு கொள்ளும் வட்ட மேகசின். ஊட்டத்தைக் குறைத்தாலே எல்லாம் பத்திரம் என்று நான் வாதாடவில்லை. அந்தக் குண்டு பெயிண்ட்பாலைவிடக் கனமானது, கூட்டத்தின் மீது சுடப்பட்டது. அந்தப் பக்கம் போகாமல் இருக்க, பட்டதும் உடையும், சாயம் மட்டும் நிரப்பிய உருண்டையைத் தவிர வேறெதையும் அனுமதிக்கக் கூடாது, காவலருக்குக் கண்ணாடி கட்டாயம், ஆள் நிற்கும் திசையில் குழல் திரும்பக் கூடாது.

யானைக்கு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. ஜிம்பாப்வேயில் மிளகாய் எண்ணெய் நிரப்பிய பிங்பாங் பந்தை வாயுக் குழாயால் யானை மீது அடித்துப் பார்த்திருக்கிறார்கள். உறைப்பு மூக்கில் ஏறியதும் அவை விலகுகின்றன. ஆனாலும் யானையை இந்தத் திட்டத்திலிருந்து விலக்கி வைப்பதே நல்லது. குட்டியோடு வரும் கூட்டத்தையும் மதம் பிடித்த ஒற்றையையும் 30, 40 மீட்டர் நெருங்கிச் சீண்டுவது காவலரின் உயிரோடு விளையாடுவது. பன்றியும் குரங்கும் மிளாவும் போதும், வேலை அங்கேயே மலையளவு கிடக்கிறது.

சட்டம் இதற்கு இடம் கொடுக்குமா என்றால், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காயப்படுத்துவதை மட்டுமின்றி, வேட்டைக்கான வரையறையில் விரட்டுவதையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே சம்சாரி தானே வாங்கிச் சுடும் பேச்சுக்கே இடமில்லை. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியோடு, வேட்டைத் தடுப்புக் காவலர் கையில் மட்டும்தான் இது இருக்க முடியும். அப்படியானால் விவசாயிக்கு என்ன லாபம், கூப்பிட்டால் ஆள் வருவாரா என்ற முணுமுணுப்பு நியாயமானது. ஆள் பற்றாக்குறையை எந்தத் துப்பாக்கியும் தீர்க்காது. இழப்பீடு தாமதமாவதையும் தீர்க்காது. ஆனால் வருகிற ஆள் வெறும் டார்ச்சோடு வருவதற்கும், எட்டு உருண்டையோடு வருவதற்கும் வித்தியாசம் உண்டு. எண்ணிக் கொடுக்கும் எட்டுக்குக் கணக்கும் கேட்கலாம்: எத்தனை சுட்டது, எந்த விலங்கின் மீது, அது மறுபடி எத்தனை நாளில் வந்தது. வத்திராயிருப்பு சரகத்தில் ஒரு மா சீசன் முழுக்க இந்தக் கணக்கை எழுதி, வெடி மட்டும் போடும் பக்கத்துத் தோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அதிகச் செலவாகாது. பன்றி வெடிக்குப் பழகியதுபோல் இதற்கும் பழகிவிட்டது என்று கணக்கு சொன்னால், துப்பாக்கியைக் கல்லூரிப் பட்டறைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.