அலையும் சுறாவும்

சுறாமீன்கள் வாழும் கடலில் சிறுவர்களை அலைச்சறுக்கு விளையாட விடலாமா? இவ்வினாவிற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடை கூறுதல் அரிது.

2003ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று, ஹவாயின் கவாய்த் தீவில் பெத்தனி ஹாமில்டன் என்னும் 13 வயதுச் சிறுமி புலிச்சுறாவின் தாக்குதலில் தம் இடக்கையை இழந்தார். ஆயினும் ஒரு மாதத்திற்குள் அவர் மீண்டும் அலைமீது ஏறினார். பின்னர் உலகறிந்த வீராங்கனையாகவும் விளங்கினார். இவருடைய துணிவைக் காட்டி, ‘அச்சம் வேண்டா, பிள்ளைகளை விடுக’ என்பர் சிலர்.

இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவு வேறொரு பாடம் புகட்டுகிறது. அங்குச் சுறாக்களால் பலர் உயிரிழந்தமையால், பவளப்பாறைகள் அரணாக அமைந்த ஆழமற்ற நீர்ப்பரப்பிலும் காவலுள்ள இடங்களிலும் அன்றிப் பிற கரையோரப் பகுதிகளில் குளித்தலும் அலைச்சறுக்கும் 2013இல் தடை செய்யப்பட்டன. 2015இல், தடையுள்ள பகுதியில் அலைச்சறுக்கிய சிறுவன் ஒருவன் சுறா தாக்கி இறந்தான். அவனுக்கும் வயது 13.

சுறா மனிதரைத் தாக்குவது அரிதே. ஆதலால் எல்லாக் கடலையும் பிள்ளைகளுக்கு மூடிவிடுதல் முறையன்று. ஆனால், பிள்ளையின் துணிவை மட்டும் கண்டு இசைவளித்தலும் தகாது. அந்தக் கடலின் இயல்பையே பெரியோர் முதலில் ஆராய வேண்டும். கலங்கிய நீர், ஆற்றின் கழிமுகம், அந்திப்பொழுது ஆகியவற்றைத் தவிர்க்கவும், எச்சரிக்கைப் பலகையை மதிக்கவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். அலைமீது நிற்கக் கற்பிக்கும் முன் கடலை அறியக் கற்பித்தலே பெற்றோரின் கடன்.