வயிறு சரியில்லையா? ரெண்டு நாள் சமையல்கட்டுக்கு வராதீங்க



கியா பார்ம் பக்கம் அன்னதான வேலை செய்யும் தொண்டர்கள் நாங்கள். கொஞ்சம் சங்கடமான விஷயம்தான், ஆனா சொல்லியே ஆகணும்.

போன மாதம் ஒரு அக்கா, ராத்திரி முழுக்க வாந்தி எடுத்துட்டு, காலையில காய் வெட்ட வந்துட்டாங்க. "வேண்டுதல், விடக்கூடாது"ன்னாங்க. நாங்களும் தடுக்கல. யாருக்கும் ஒன்னும் ஆகல. அது முருகன் அருள். எங்க கவனம் இல்ல.

இப்படி வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்புவதில் முதலிடம் நோரோ வைரஸுக்கு. 1968-இல் அமெரிக்காவின் நோர்வோக் ஊர்ப் பள்ளியில் பரவிய நோயிலிருந்துதான், 1972-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊர்ப் பெயரே இதற்கும் வந்தது. இன்று உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 685 மில்லியன் பேருக்கு வருகிறது.

"எனக்குப் போன வருஷமே வந்துருச்சு, இனி வராது"ன்னு நினைக்க வேண்டாம். இந்தக் கிருமியில் பல வகை உண்டு. அவையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2012-இல் சிட்னியில் கண்டறியப்பட்ட ஒரு வகை, சில மாதங்களிலேயே பல நாடுகளுக்குப் போய்விட்டது. சனி ஞாயிறு நம்ம பாசாரைப் பாருங்க: கேஎல், ஈப்போ, சிங்கப்பூர்னு எல்லா ஊர்க்காரங்களும் வர்றாங்க. உலகத்துல சுத்துறது மலைக்கு மட்டும் ஏறாதா?

மிகச் சில கிருமிகளே போதும், ஒரு பந்திக்கே நோய் வரும். சானிடைசர் இதற்குச் சரியா வேலை செய்யாது. சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில நல்லா தேய்த்துக் கழுவணும். வாந்தி, போக்கு நின்ற பிறகும் குறைந்தது 48 மணி நேரம் சமைக்கவோ பரிமாறவோ கூடாது.

"சாமி காரியம், ஒன்னும் ஆகாது"ன்னு சிலர் சொல்வாங்க. தீட்டு என்றால் நாம் ஒதுங்கி நிற்கிறோமே, யாராவது தப்பா நினைக்கிறோமா? இதுவும் அப்படித்தான். நம்ம பந்தியில கைக்குழந்தையும் உட்காருது, எண்பது வயசு பாட்டியும் உட்கார்றாங்க. அவங்களுக்குத்தான் இந்த நோய் ரொம்ப ஆபத்து.

நிர்வாகத்துக்கு எங்கள் வேண்டுகோள்: சமையல்கட்டு வாசல்ல சானிடைசர் மட்டும் போதாது, குழாய்க்குப் பக்கத்துல சோப்பும் வையுங்க.

உடம்பு முடியலைன்னா ஒரு போன் போடுங்க. உங்க பங்கு வேலையை நாங்க செய்றோம், உங்க வேண்டுதல் குறையாது. அன்றைக்கு வராமல் இருப்பதும் தொண்டுதான்.

வேலும் மயிலும் துணை 🙏