கண் சிமிட்டினால்தான் கணக்கா?

பாங்கியில் கணக்குத் தொடங்க என்ன வேண்டும்? பணம் வேண்டும். அடையாள அட்டை வேண்டும். கண் சிமிட்டவும் தெரிய வேண்டும்!

சிரிக்காதீர்கள். இது உண்மை.

இப்போது செல்போன் மூலமே கணக்குத் தொடங்கலாம். எதிரே இருப்பது உயிருள்ள ஆள்தானா, அல்லது யாராவது புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றுகிறார்களா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காகக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள்.

சிமிட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

பிரக்யா பிரசூன் என்ற பெண், திராவகம் வீசப்பட்டு முகமும் கண்களும் சிதைந்தவர். கண் சிமிட்ட முடியாததால் கணக்குத் தொடங்குவதில் அவருக்குத் தடை ஏற்பட்டது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கண் பார்வை இல்லாத அமர் ஜெயின் என்ற வக்கீலும் தனியாக வழக்குத் தொடர்ந்தார்.

2025-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந்தேதி தீர்ப்பு வந்தது. இணையதளச் சேவைகளைப் பெறுவதும் உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று நீதிபதிகள் கூறினார்கள். 20 உத்தரவுகள் போட்டார்கள். கண் சிமிட்டுவதற்குப் பதிலாக வேறு வழி வேண்டும். காகிதத்தில் மனுக் கொடுத்தாலும் ஏற்க வேண்டும் என்பவை அவற்றில் சில.

பூட்டிய கதவு

கண் பார்வை இல்லாதவர்கள் செல்போனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் வசதி அதிலேயே உண்டு. காதால் கேட்டு, விரலால் தொட்டு வேலையை முடிக்கிறார்கள்.

ஆனால் எழுத்து இருந்தால்தானே அது படிக்கும்? வெறும் படத்தைப் போட்டுவிட்டால் "படம்" என்று மட்டும் சொல்லும். என்ன படம்? தெரியாது! பொத்தானுக்குப் பெயர் வைக்காவிட்டால் "பொத்தான்" என்று சொல்லும். எதற்குப் பொத்தான்? பணம் கட்டவா, மனுவை ரத்து செய்யவா? தெரியாது!

காது கேளாதவர்கள் வீடியோவில் பேசுவதை எப்படி அறிவார்கள்? கீழே எழுத்து ஓட வேண்டும்.

சட்டம் இருக்கிறதே!

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. கட்டிடம், பஸ் ஆகியவற்றைப் போலவே கம்ப்யூட்டர் சேவைகளும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. மீறினால் முதல் தடவை 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50 ஆயிரம் ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரை.

ஆனால், விதிகள் யோசனை சொல்வதோடு நின்றன. "இது போதாது. கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்க வேண்டும்" என்று 2024 நவம்பர் 8-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு வேறொரு வழக்கில் உத்தரவிட்டது.

சட்டம் இருந்தும், ஒவ்வொருவரும் டெல்லி வரை போய் வழக்காட வேண்டுமா? இது நியாயம் அல்ல.

செலவு ஆகுமே!

சிலர் இப்படிக் கேட்பார்கள். வீடு கட்டும்போதே வாசலில் சாய்வுப் பாதை வைத்தால் செலவு அதிகம் இல்லை. கட்டி முடித்த பிறகு இடித்து வைத்தால்தான் செலவு. இணையதளமும் அப்படித்தான்.

லாபமும் எல்லோருக்கும் உண்டு. பெரிய எழுத்து தாத்தாவுக்கு உதவும். எளிய சொற்கள், புதிதாகப் படிக்கத் தெரிந்து கொண்டவருக்கு உதவும்.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத் திறனாளிகள் இருந்தார்கள். பென்ஷன், பரீட்சை மனு, ரெயில் டிக்கெட் எல்லாம் செல்போனுக்கு வந்துவிட்ட காலம் இது. அந்தக் கதவு மூடியிருந்தால், அவர்கள் தங்கள் பணத்தை எடுக்கக்கூடப் பிறரிடம் ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டி வரும். அது ஆபத்து அல்லவா?

ஆகவே, அரசாங்கமும் பாங்கிகளும் ஒன்று செய்யவேண்டும். எந்த இணையதளத்தையும் திறப்பதற்கு முன், கண் பார்வை இல்லாத ஒருவரிடமும், காது கேளாத ஒருவரிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்களால் முடிந்தால் திறக்கட்டும். முடியாவிட்டால் திருத்தட்டும். திருத்த மறுத்தால் அபராதம் விதிக்கட்டும்!

அவர்கள் கேட்பது இரக்கம் அல்ல; உரிமை.