மரம் நிற்கட்டும், பாத்தி நகரட்டும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் சகோதரி ஒருவர் இப்பகுதிக்கு விரிவானதொரு கடிதம் எழுதியிருக்கின்றார். நுவரெலியாவுக்கு அண்மையில், ஏறத்தாழ 6000 அடி உயரத்தில் அவரது இல்லம் அமைந்துள்ளது. முற்றத்தில் அவருடைய தந்தையார் விதையிட்டு வளர்த்த மக்னோலியா மரம் ஒன்று நிற்கின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் சென்றும் அது ஒரு பூவேனும் பூக்கவில்லை. மரத்தின் கீழ்ச்சரிவிலே சகோதரியார் ஒரு ரோசாப் பாத்தி அமைத்திருக்கின்றார். அங்கே இலைகளிற் கரும்புள்ளி விழுகின்றது. மொட்டுக்கள் விரியாமலே அழுகுகின்றன. தை மாதத்துப் பனியில் தளிர்கள் கருகிவிடுகின்றன. இத்தனைக்கும் மரத்தின் நிழலே காரணம் என்று கூறி, அதனை வெட்டிவிடுமாறு வீட்டிலுள்ளோர் வற்புறுத்துகின்றனராம். நட்டுவைத்த தந்தையார் இன்று உயிரோடு இல்லை. "பூக்காத மரத்தை வைத்திருப்பதா, பூக்கும் செடியைக் காப்பதா?" என்று கேட்கின்றார்.

வெட்ட வேண்டா என்பதே என் விடை. ஆயின் காரணம் காட்டாத விடை வீட்டாரிடம் செல்லுபடியாகாது; ஆகவே காரணங்களைச் சற்று விரித்துரைக்கின்றேன். பாடசாலையிலே தாவரவியல் கற்கும் மாணவருக்கும் இது பயன்படும்.

முதலில் மலைக்குளிர் என்பது யாது எனப் பார்ப்போம். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறைகின்றது. நுவரெலியாவின் உயரம் 1868 மீற்றர். எனவே கொழும்பைவிட அங்கே பன்னிரண்டு பாகையளவு குறைந்திருத்தல் வேண்டும். உண்மையும் அதுவே. கொழும்பின் ஆண்டுச் சராசரி 27, 28 பாகையாக இருக்க, நுவரெலியாவின் சராசரி 16 பாகையளவில் நிற்கின்றது. இக்குளிர் ஐரோப்பியக் குளிர் போன்றதன்று. அங்கே மாரியில் செடிகள் மாதக்கணக்காக உறங்குகின்றன. நமது மலைகளிலோ ஆண்டு முழுவதும் ஒரே இளங்குளிர். உறங்குவதற்கு அங்கே பருவமே இல்லை.

ரோசா அங்கே செழிப்பதன் இரகசியம் இதில் அடங்கியிருக்கின்றது. ஐரோப்பாவின் பழைய ரோசாக்களிற் பெரும்பாலானவை மாரி முழுவதும் உறங்கி, கோடையில் ஒருமுறை மாத்திரம் பூப்பவை. ஆண்டுதோறும் பலமுறை பூக்கும் குணம் சீன தேசத்து ரோசாக்களிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவை ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள இனங்களோடு கலக்கப்பட்டன. 1867 இல் பிரான்சிலே தோன்றிய 'லா பிரான்ஸ்' என்னும் ரோசாவையே இன்றைய கலப்பு டீ ரோசாக்களின் முதல்வியாகப் பலர் கொள்வர். இந்த டீ ரோசாக்களின் மூதாதைகளுள் ஒன்று மணிப்பூர், பர்மா, யூனான் ஆகிய மலைப் பகுதிகளிற் காடாகப் படரும் இராட்சத ரோசா. கடுமாரியும் கடுங்கோடையும் அறியாத மலைச்சரிவுகளில் வளர்ந்த இனத்தின் வழித்தோன்றல், நமது மலைச்சரிவைத் தன் பிறந்தகம்போற் கொள்வதில் வியப்பில்லை. இதழைக் கசக்கினால் தேயிலை மணம் வீசும் என்பதாலேயே டீ ரோசா எனப் பெயரிட்டனர் என்பர். தேயிலை நாட்டிலே அப்பெயரோடு அது வாழ்வது ஒரு பொருத்தந்தான்!

குளிரில் மொட்டு மெல்ல விரிகின்றது. அதனால் பூ பெரிதாகின்றது. இதழ்களிற் செந்நிறப் பொருள் மிகுதியாகத் திரள்கின்றது. யாழ்ப்பாணத்து வெயிலில் காலையில் விரிந்து மாலையில் வெளிறிவிடும் அதே வகை, நுவரெலியாவிலே நாட்கணக்காக நிறம் மங்காது நிற்கும். ஏப்பிரல் விடுமுறையில் மலைக்குச் செல்வோர், அங்குப் பூத்துநிற்கும் கன்றை விலைக்கு வாங்கிச் சமவெளிக்குக் கொணர்ந்து, இரண்டாம் மாதத்தில் 'விற்றவன் ஏமாற்றிவிட்டான்' என்று நொந்துகொள்வதுண்டு. ஏமாற்றியவன் வியாபாரி அல்லன். பன்னிரண்டு பாகை வெப்ப வேறுபாடே.

இனிச் சகோதரியாரின் பாத்திக்கு வருவோம். கரும்புள்ளி நோய் ஒருவகைப் பங்கசினால் விளைவது. அதன் வித்திகள் இலைமேல் முளைப்பதற்கு இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் இடைவிடாது நனைந்திருத்தல் வேண்டும். ஏழு மணிக்குள் இலை உலர்ந்துவிடுமானால் நோய் தொற்றாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையும் புகாரும் மலையை மூடியிருக்கும் காலத்தில், மர நிழலிலே நெருக்கமாக நட்ட ரோசாவின் இலை எப்போதுதான் உலரும்? மொட்டு அழுகுவதற்கும் ஈரமே காரணம். வெளியிதழ்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, உள்ளிதழ்கள் விரிய வழியின்றி அழுகுகின்றன. ஆதலால் நிழலைப்பற்றி வீட்டார் கூறுவது முழுதும் பிழையன்று. நிழல் இருக்குமிடத்திற் பாத்தியை அமைத்ததே பிழை.

தளிர் கருகுவதற்கோ நிழலோடு தொடர்பில்லை. சனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில், நிலம் தன் வெப்பத்தையெல்லாம் வானுக்கு இழந்துவிடுகின்றது. நிலத்தை ஒட்டிய காற்றுக் குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தைத் தேடுகின்றது. நுவரெலியா நகரமே பேதுருதாலகால முதலிய மலைகள் சூழ்ந்த ஒரு பெருங்கிண்ணம். அங்கே விடியலில் புல்வெளி வெண்மை பூத்திருப்பதன் காரணம் இதுவே. சகோதரியாரின் பாத்திக்குக் கீழே அடர்ந்த சைப்பிரசு வேலி இருப்பதாகக் கடிதத்தில் ஒரு வரி வருகின்றது. அந்த வரி முக்கியமானது. சரிவில் இறங்கும் குளிர்காற்றை அவ்வேலி அணைபோல் தடுத்து, பாத்தியின்மேலே தேக்கிவைக்கின்றது. வேலியின் அடியிலே இரண்டடி அகலத்தில் ஓரிரு இடைவெளி திறந்துவிட்டால் குளிர் வடிந்தோடிவிடும். செலவு ஏதும் இல்லை.

இதுவரை ரோசாவின் முறைப்பாட்டைக் கேட்டோம். மரத்தின் முறைப்பாட்டையும் கேட்பதன்றோ நீதி?

கடிதத்தில் இலையின் மேற்புறம் மெருகிட்டதுபோல் மினுங்கும் என்றும், அடிப்புறத்தில் இரும்புத்துரு நிறத்தில் மென்மயிர் படர்ந்திருக்கும் என்றும் எழுதியிருக்கின்றார். இவ்வடையாளத்தால் அது ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரிய பெரும்பூ மக்னோலியா எனத் துணியலாம். என்றும் பசுமையான மரம், உறைபனிக்கு அஞ்சாதது, வெண்ணிறப் பூ ஓரடி அகலம் வரை விரியும். விதையிலிருந்து வளர்ந்த மரம் பத்தாண்டுக்கு முன் பூப்பது அரிது. இருபதாண்டு வரை காக்க வைப்பவையும் உண்டு. ஒட்டுக்கன்றானால் சில ஆண்டுகளிற் பூக்கும். விதைக்கன்றுக்குப் பன்னிரண்டு வயது என்பது பூப்பெய்தும் வாயிலில் நிற்கும் வயது. அந்த வேளையிலா கோடரியைத் தீட்டுவது?

மக்னோலியா என்னும் பெயர் மொன்பெலியே நகரத்துத் தாவர அறிஞர் பியர் மக்னோல் (1638 - 1715) என்பாரின் நினைவாக இடப்பட்டது. பூக்கும் தாவரங்களுள் மிகப் பழைமையான குடும்பங்களுள் இஃதும் ஒன்று; ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே இதன் முன்னோர் உலகில் இருந்தனர். இதன் பூவிலே புல்லி வேறு, அல்லி வேறு என்ற பாகுபாடு இல்லை. மகரந்தச் சேர்க்கைக்கும் தேனீயைவிட வண்டினத்தையே இது பெரிதும் நம்பியிருக்கின்றது. வண்டுகள் கடித்துத் தின்றாலும் சிதையாதபடி இதன் உறுப்புக்கள் தடித்திருப்பதை மாணவர் பூவைப் பிரித்துப் பார்த்து அறியலாம்.

இதனை அந்நிய மரமென்று கருதுவோர்க்கு ஒன்று கூறுவேன். நம் கோயில் வீதிகளில் மணக்கும் செண்பகம் இதன் நெருங்கிய உறவு. முன்னர்ச் செண்பகத்தை மைக்கேலியா என்னும் வேறு இனமாக வைத்திருந்த தாவர நூலார், இக்காலத்தில் அதனையும் மக்னோலியாவிலேயே சேர்த்துவிட்டனர். இலங்கையின் உயர்மலைக் காடுகளிலும் தென்னிந்தியாவின் நீலகிரி முதலிய மலைகளிலும் இயற்கையாக வளரும் காட்டுச் செண்பகமும் அவ்வாறே. சிங்களத்தில் அதனை 'வல் சப்பு' என்பர். பனியும் புகாரும் அதற்குத் தாய்ப்பால். பெரும்பூ மக்னோலியாவுக்கும் செண்பகங்களுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. செண்பகங்கள் இலைக்கக்கத்திற் பூப்பன. பெரும்பூ மக்னோலியா கிளையின் நுனியிற் பூப்பது.

இந்த வேற்றுமையிலேதான் சகோதரியாரின் மரம் பூக்காததற்கு ஒரு விளக்கம் கிடைக்கின்றது. ரோசாவுக்கு வெளிச்சம் வேண்டி ஆண்டுதோறும் மரத்தின் கிளைகளைக் கழித்துவந்ததாக எழுதியிருக்கின்றார். நுனியிற் பூக்கும் மரத்தின் நுனிகளை வெட்டினால் பூ எங்கிருந்து வரும்? அதுவுமன்றி, மக்னோலியாவின் வேர்கள் சதைப்பற்றுள்ளவை. மேல்மண்ணிலேயே கிளைகளின் எல்லையையும் தாண்டிப் படர்பவை. காயம்பட்டால் எளிதில் ஆறாதவை. ரோசாப் பாத்தியைக் கொத்தும்போதெல்லாம் மண்வெட்டி அவ்வேர்களை அறுத்திருக்கும்.

மண்ணின் பொருட்டும் இவ்விரண்டும் ஒத்துப்போகா. தேயிலை விளையும் மண் புளிப்புமண், அதன் பி.எச். அளவு பொதுவாக 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்டது. மக்னோலியா புளிப்புமண்ணை விரும்புவது. ரோசாவுக்கோ 6 முதல் 6.5 வரை வேண்டும். ஆதலால் சுண்ணாம்போ டொலமைற்றோ இட்டே ஆகவேண்டும். ரோசாவுக்கு ஆண்டுதோறும் இடும் சுண்ணாம்பை மரத்தின் வேர் விரும்பாமலே உண்டுவந்திருக்கின்றது. இவ்வாறு பார்த்தால் மரம் பாத்திக்கு இழைத்த தீங்கினும் பாத்தி மரத்திற்கு இழைத்த தீங்கு அதிகம்!

பன்னிரண்டு வயது மக்னோலியாவைப் பெயர்த்து நடுதல் இயலாது. ரோசாவைப் பெயர்க்கலாம். ஆகவே மரத்துக்கு மேற்புறமாக, காலை வெயில் படும் சரிவில், நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது ஒளி கிடைக்கும் இடத்தைத் தேர்க. கீழைவெயில் பனித்துளியை விரைந்து உலர்த்தும். பள்ளத்திலாயின் உறைந்த தளிர்மேற் காலை வெயில் சுடுவது கேடு. மேற்சரிவில் உறைபனி தங்குவது குறைவாதலால் அவ்வச்சமும் குறைவு. ஒன்றரையடி ஆழக் குழி எடுத்து, நன்கு மக்கிய மாட்டெருவும், கவ்வாத்துக் காலத்தில் தேயிலைக்கு இடும் டொலமைற் ஒரு கைப்பிடியும் மண்ணோடு கலந்து, இரண்டு மூன்று கிழமை ஆறவிடுக. செடிக்குச் செடி இரண்டரையடிக்குக் குறையலாகாது.

எப்போது வெட்டிப் பெயர்ப்பது என்பதிலே ஒரு கணக்கு உண்டு. வெட்டிய ரோசா மலைக்குளிரில் மீண்டும் பூப்பதற்கு எட்டு முதல் பத்துக் கிழமை செல்லும். ஏப்பிரல் நடுப்பகுதியிற் பூ வேண்டுமாயின் பெப்ரவரி முதற் கிழமையளவில் வெட்டவேண்டும். சனவரித் தொடக்கத்தில் வெட்டினால் இளந்தளிர் உறைபனிக்கு இரையாகும். பெப்ரவரி இறுதிக்குத் தள்ளினால் ஏப்பிரல் கடந்துவிடும். இக்கணக்கை மலைநாட்டு பங்களாக்களில் வேலைசெய்த நம் தோட்டக்காரர்கள் எந்த நூலும் படியாமலே அறிந்திருந்தார்கள். 1840களின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலேயர் தம் நாட்டு மலர்களை நுவரெலியாவிலே பயிரிட்டனர் என்று எழுதுவது வழக்கம். பயிரிடச் சொன்னவர் ஆங்கிலேயர். காலப்போக்கில் விடியற்பனியில் நின்று நீர்தெளித்துத் தளிர்காத்த கைகளிற் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். இன்றும் லயத்தின் முன்னே கையகல நிலத்தில் டேலியாவும் ரோசாவும் பூத்திருப்பதைக் காணலாம். சகோதரியார் தம் தோட்டத்தில் அத்தகைய முதியவர் எவரேனும் இருப்பாராயின், என் எழுத்தினும் அவர் சொல்லையே முதலிற் கேட்பாராக. ஒன்றை மட்டும் அவருக்கு நினைவூட்டலாம்: தேயிலையின் கவ்வாத்து மட்டமாக அமையும், ரோசாவை அப்படி வெட்டலாகாது. வெளிநோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டி, செடியின் நடுப்பகுதி காற்றோட்டத்துக்குத் திறந்திருக்க விடவேண்டும். கரும்புள்ளி கண்டு உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுக, எருக்குழியில் இடவேண்டா.

வாய்ப்புக் கிடைக்கும்போது ஹக்கல பூந்தோட்டத்துக்கு வீட்டாரையும் அழைத்துச் செல்க. 1861 இல் காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகத் தொடங்கிய இடம் அது. இன்று ரோசாவுக்குப் பேர்பெற்றது. சீதையம்மன் கோயிலைத் தாண்டினால் வந்துவிடும். அங்கே பாத்திகளுக்கும் பெருமரங்களுக்கும் இடையே எவ்வளவு இடம் விட்டிருக்கின்றார்கள் என்பதை மாத்திரம் அளந்து வந்தாற் போதும்.

பாத்தி அகன்ற இடத்தில் மண்வெட்டி படவேண்டா. உதிர்ந்த இலைகளை அப்படியே மூடாக்காக விட்டுவிடுக. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கிளை எதனையும் தொடாதிருக்கவேண்டும். நுனிகளில் மென்மயிர் போர்த்த தடித்த மொட்டுத் தோன்றும் ஆண்டில் எனக்கு ஒரு வரி எழுதுவாராக. பூ உதிர்ந்தபின் கூம்புபோன்ற காயிலிருந்து செந்நிற விதைகள் எட்டிப்பார்க்கும். அவற்றின் சிவந்த மேற்சதையைக் கழுவி நீக்கி, உலரவிடாமல் உடனே விதைக்கவேண்டும். அவ்விதை கிடைக்கும் காலத்தில் இரண்டொன்றை அஞ்சலில் அனுப்பினால், மலைநாட்டு மாணவர் எவருக்கேனும் கொடுப்பேன்.