அஞ்சும் பிள்ளைக்கு ஒரு செவி

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் அடையாறு பெருகி ஈக்காட்டுத்தாங்கல் தெருக்களுக்குள் புகுந்தது. அவ்வெள்ளத்தில் பாடநூலையும் சான்றிதழையும் இழந்த பிள்ளைகள் சில திங்களில் பொதுத் தேர்வும் எழுத வேண்டியிருந்தது. வீடுகளில் நீர் வடிந்தது. பல நெஞ்சங்களில் அச்சம் வடியவில்லை. ஆற்று வெள்ளம் என்றோ ஒருநாள் வருவது. தேர்வு என்னும் வெள்ளமோ ஆண்டுதோறும் வருகின்றது.

அச்சம் இயற்கையானது; அளவோடு நின்றால் காப்பும் ஆகும். அளவு மீறும்போதுதான் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வயிறு வலிக்கின்றது, படித்த விடை மறக்கின்றது, உறக்கம் கெடுகின்றது. அஞ்சியதைவிட்டு விலகி ஓடினால் அச்சம் மேலும் வளரும். மூச்சைச் சீராக்குதல், வீண் எண்ணத்தை ஆராய்ந்து பார்த்தல், அஞ்சியதைச் சிறிது சிறிதாக அணுகுதல் ஆகியன கற்பிக்கத்தக்க கலைகளே. நீச்சலை வெள்ளம் வருமுன் கற்பிப்பதே அறிவுடைமை.

2015-16-இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினருள் நூற்றுக்கு 3.6 பேர்க்குப் பதற்றநோய் உண்டெனக் கண்டது. ஐம்பத்தைந்து பேர் அமர்ந்த வகுப்பில் இருவர் என்பது இதன் பொருள். அவ்விருவர் யாவர் என்பதை நம் பள்ளிகள் அறியுமா?

தமிழக அரசு 2017-இல் பொதுத் தேர்வு முடிவுகளில் தரவரிசை அறிவிப்பதை நிறுத்தியது. 2018-இல் மாணவர்க்காக 14417 என்னும் உதவி எண்ணைத் தொடங்கியது. இரண்டும் பாராட்டத்தக்கவை. எனினும் தொலைபேசியை எடுக்கும் துணிவு எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்பதில்லை. பள்ளிக்குள்ளேயே ஒரு செவி வேண்டும்.

அச்செவி யாருடையது? பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ஆய்வு இதற்கு விடை பகர்கின்றது. சில பள்ளிகளில் ஆசிரியரும், சிலவற்றில் பயிற்சி பெற்ற பொதுமக்களும் ஒரே திட்டத்தை நடத்தினர். பெயரிடாமல் குறை எழுதிப் போடும் பெட்டி, சுவர் இதழ், தனித்துப் பேசி ஆலோசனை கூறல் ஆகியன அதில் இருந்தன. 2018-இல் வெளியான முடிவு வியப்புக்குரியது. பொதுமக்கள் நடத்திய பள்ளிகளில் சூழல் திருந்தியது. மனச்சோர்வின் அறிகுறிகளும் மாணவரிடைக் கொடுமைகளும் குறைந்தன. ஆசிரியர் நடத்தியவற்றில் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆசிரியரின் அன்பில் நமக்கு ஐயமில்லை. பாடச்சுமையோடு இதனையும் அவர் தோளில் ஏற்றுவது தகாது என்பதும், மதிப்பெண் இடும் கையிடம் மாணவன் மனம் திறப்பது அரிது என்பதும் நம் கருத்து.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பதறும் பிள்ளையை நோக்கி, "ஈமான் குறைந்தவன்" என்றோ, "தொழுதால் சரியாகிவிடும்" என்றோ கூறி அனுப்பிவிடுகிறோம். தொழுகை உள்ளத்துக்கு அமைதி தருவது, இதில் இருகருத்தில்லை. ஆயினும் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு துஆவும் செய்கிறோம், மருந்தும் கொடுக்கிறோம். நோய்க்கு மருத்துவம் நாடுதல் நபிவழியே அன்றோ? மனத்தின் நோய்க்கு மட்டும் ஏன் வெட்கம்? பெண்பிள்ளையாயின், "வெளியே தெரிந்தால் நிக்காஹ் தடைப்படும்" என்று மறைக்கிறோம். மறைத்த அச்சம் மறைவதில்லை.

நாம் வேண்டுவது பெரிதன்று. ஜமாஅத்தும் கல்வி நிறுவனங்களும் சேர்ந்து, ஈக்காட்டுத்தாங்கல் வட்டாரப் பள்ளிகளுக்கு ஆளுக்கொரு பயிற்சி பெற்ற ஆலோசகரை அமர்த்தட்டும். அவர் கையில் மதிப்பெண் ஏடு இருத்தலாகாது. மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய பிள்ளையை இனங்காணத் தெரிந்திருத்தல் வேண்டும். கல்லூரி மாணவரும் விடுமுறை நாளில் தம் தெருப் பிள்ளைகளோடு அமர்ந்து பேசலாம்.

பள்ளிக்குக் கட்டடம் எழுப்பிய கைகள் நம்முடையவை. அக்கட்டடத்துள் அஞ்சி நிற்கும் பிள்ளைக்கு ஒரு செவி தருவதும் அறமே. அவ்வறத்தை இவ்வாண்டே தொடங்குவோமாக.